ரயில் வரும் வரை

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 26. ஒரு மாதமாகக் கௌபாய் படங்களை வரிசையாகப் பார்த்துவருகிறேன். அமெரிக்க இயக்குநர் ஜான் ஃபோர்டிலிருந்து தொடங்குவது நல்லதா, இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனியிலிருந்தா? இத்தாலியர்கள் ஸ்பெயினில் எடுத்த ஸ்பகெட்டி வெஸ்டர்ன்கள் எல்லாமே நகல்கள்தான் என்கிறான் என் நண்பன். அது சரியா? லியோனியின் ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்’ தொடக்கத்தில் ரயில் நிலையத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்பதால் அந்தப் பகுதியை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டேன். (உடன் பார்த்த அப்பா, “ஏண்டா ஓட்டுற, ரயில் வர்றப்பதான் வரும்” என்றார். ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

அன்புடன்,
செந்தில்

அன்புள்ள செந்தில்,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் அந்த ரயில் நிலையத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1952-இல் வந்த ‘ஹை நூன்’ படத்தை முந்தைய இரவு மீண்டும் பார்த்திருந்தேன். அதிலும் மூன்று பேர் ஒரு ரயில் நிலையத்தில் நண்பகல் ரயிலுக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் லீ வான் கிளீஃப். அவருக்கு அது முதல் படம், ஒரு வரி வசனம்கூடக் கிடையாது, மவுத் ஆர்கன் வாசித்துக்கொண்டிருப்பார். பதினாறு ஆண்டுகளுக்குப் பின் லியோனி அந்த மூவரின் காத்திருப்பை எடுத்து, மவுத் ஆர்கனை மட்டும் ரயிலில் வருகிறவனிடம் கொடுத்துவிட்டார். உங்கள் நண்பருக்கு இதுவே பதிலாகட்டும். லியோனி 1964-இல் எடுத்த முதல் வெஸ்டர்ன், ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘யோஜிம்போ’ படத்தை அனுமதி பெறாமல் தழுவியதுதான், அதற்காக ஜப்பானின் தோஹோ நிறுவனத்துக்கு வசூலில் 15 சதவீதம் போனது. அந்தக் கணக்கு அப்போதே தீர்ந்துவிட்டது.

எதை முதலில் பார்ப்பது என்பது எனக்குப் பெரிய கேள்வியாகத் தெரியவில்லை. ஃபோர்டின் ‘மை டார்லிங் கிளெமன்டைன்’ (1946) படத்தை மட்டும் எப்படியாவது பார்த்துவிடுங்கள். அதில் நேர்மையான மார்ஷலாக வரும் ஹென்றி ஃபோண்டாதான் லியோனியின் படத்தில் ஒரு சிறுவனைச் சுட்டுக்கொல்கிறார் என்பது தெரிந்தால்தான், கேமரா சுற்றி வந்து அந்த நீலக் கண்களைக் காட்டும்போது நெஞ்சு அதிரும்.

இனி நீங்கள் செய்த தவறுக்கு வருகிறேன். ஒன்றுமே நடக்கவில்லை என்று எப்படி எழுத மனம் வந்தது? வறண்ட காற்றாலை ஒன்று எண்ணெய் காணாமல் கிரீச்சிட்டுக்கொண்டே இருக்கிறது. காத்திருக்கும் மூவரில் ஒருவரான ஊடி ஸ்ட்ரோடின் மொட்டைத் தலையில் மேலிருக்கும் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு விழுகிறது. அவர் நகர்ந்து நிற்கவில்லை, தொப்பியை எடுத்து மாட்டிக்கொள்கிறார். அடுத்த சொட்டு தொப்பியில் விழும்போது ஓசை மாறுகிறது, அதை அவர் கேட்கிறார், நாமும் கேட்கிறோம். இன்னொருவரான ஜாக் ஈலத்தின் முகத்தில் ஊரும் ஈ கடைசியில் அவருடைய துப்பாக்கிக் குழலுக்குள் அடைபட்டு ரீங்கரிக்கிறது. மூன்றாமவர் விரல்களைச் சொடுக்கிக்கொண்டிருக்கிறார். ரயில் வருகிறது, யாரும் இறங்கவில்லை, மூவரும் திரும்பி நடக்கத் தொடங்குகிறார்கள், அப்போது ரயில் நகர்ந்துபோன வெறும் தண்டவாளத்துக்கு அப்பாலிருந்து மவுத் ஆர்கன் ஒலிக்கிறது. படத்துக்கான இசையைப் படப்பிடிப்புக்கு முன்பே எழுதிக்கொடுத்திருந்த எனியோ மோரிகோனி, இந்தப் பத்து நிமிடத்துக்கும் மேலான நேரம் முழுவதையும் காற்றாலைக்கும் ஈக்கும் தண்ணீர்ச் சொட்டுக்கும் விட்டுக்கொடுத்திருக்கிறார். ஒன்றரை மடங்கு வேகத்தில் அந்தச் சொட்டு உங்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்?

லியோனி தம் வெஸ்டர்ன்களை டெக்னிஸ்கோப் முறையில் எடுத்தார். வழக்கமான 35 மி.மீ. படச்சுருளில் ஒரு சட்டகம் ஓரத் துளைகள் நான்கின் உயரம் பிடிக்கும், டெக்னிஸ்கோப்பில் இரண்டு துளை போதும். சிக்கனத்துக்காக வந்த முறைதான், ஆனால் அதே நீளச் சுருளில் இரண்டு மடங்கு நேரம் எடுக்கலாம் என்பதை நான் அறிந்துகொண்ட நாளிலிருந்து, நேரத்தைச் சேமித்துவைக்கத் தெரிந்த ஒரு மனிதரின் கையில் சரியான கருவி கிடைத்திருக்கிறது என்றே எண்ணிவருகிறேன்.

நான் உங்களைக் கடிந்துகொள்வதற்குக் காரணம் இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில், கல்லூரி நாட்களில், எங்கள் ஊர்த் திரையரங்கு ஒன்றுக்கு இந்தப் படத்தின் தேய்ந்துபோன பிரதி வந்தது. இரண்டாம் ஆட்டம் முடிந்து கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய கூட்டத்துக்காக, முதல் ரீலின் பெரும்பகுதியை ஓட்டாமல் விட்டுவிட்டார்கள். படம் தொடங்கியதும் துப்பாக்கிகள் வெடித்தன, மூன்று பேர் விழுந்தார்கள், அரங்கில் விசில் பறந்தது. நானும் விசிலடித்தேன். சுமாரான படம் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பல ஆண்டுகள் கழித்துச் சென்னையில் ஒரு திரைப்படச் சங்கத் திரையிடலில் முழுப் படத்தையும் பார்த்தபோது, இத்தனை காலம் என்னிடமிருந்து எது மறைக்கப்பட்டிருந்தது என்று புரிந்து, இருக்கையை விட்டு எழ முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அமெரிக்காவிலும் 1969-இல் சுமார் 20 நிமிடங்களை வெட்டித்தான் ஓட்டினார்கள், படம் அங்கே தோற்றது. எனக்கு இன்னொருவர் கத்தரிக்கோலால் செய்ததை நீங்கள் உங்களுக்கே விரல் நுனியால் செய்துகொண்டிருக்கிறீர்கள், செந்தில். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்னும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மவுத் ஆர்கன்காரன் யார், அவனுக்கு ஃபோண்டா நடித்த ஃபிராங்க்கிடம் என்ன வழக்கு என்பது கடைசிச் சண்டையில்தான் தெரிகிறது. தூக்குக் கயிற்றில் மாட்டப்பட்ட அண்ணன், அப்போது சிறுவனாக இருந்த மவுத் ஆர்கன்காரனின் தோள்மேல் நிற்கிறான். சிறுவனின் வாயில் மவுத் ஆர்கனைத் திணித்துவிட்டு ஃபிராங்க் சிரிக்கிறான். பையனின் கால்கள் தாங்கும் வரைதான் அண்ணனுக்கு உயிர். அந்தக் காட்சியைக் கண்ட பிறகு முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஓர் உடல் எவ்வளவு நேரம் தாங்கும், எப்போது மடங்கும் என்பதே படம் முழுவதும் ஓடுகிறது. காத்திருப்பின் கனத்தைத் தொடக்கத்திலேயே நம் தோளிலும் ஏற்றிவைக்கிறார் லியோனி. அதை இறக்கிவைத்துவிட்டு முடிவுக்கு வருபவருக்கு அந்தப் பையன் மண்ணில் முகம் பதிய விழுவது வெறும் தகவலாகத்தான் போய்ச்சேரும்.

உங்கள் கடிதத்திலேயே மிகச் சிறந்த வரியை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். அப்பா சொன்னது உங்களுக்கு ஒரு முதியவரின் முணுமுணுப்பாகப் பட்டிருக்கலாம். தொலைபேசியில் தகவல் வந்து, கேட்டை இறக்கி, இருபுறமும் வண்டிகள் ஹாரன் அடிக்க, ரயில் கடக்கும் வரை கொடியோடு நின்றே பணிக்காலத்தைக் கழித்தவர் அவர். அந்த நிலையத்தில் என்ன நடக்கிறது என்று உங்களைவிடவும் என்னைவிடவும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு முதல் காட்சியை மட்டும் அதன் இயல்பான வேகத்தில் மறுபடி போடுங்கள், ரிமோட்டை அவரிடம் கொடுத்துவிடுங்கள். காட்சி முடிந்ததும், இரவுப் பணியில் கேட்டை இறக்கிவிட்டு நின்ற நேரங்களில், ரயிலின் ஓசை கேட்பதற்கு முன் அவர் காதில் என்னென்ன விழுந்தன என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒன்றுவிடாமல் எனக்கு எழுதுங்கள்.