காசு எங்கே கிடக்கும்?

கேள்வி: நானும் என் நண்பரும் தினமும் ஒரே வழியில்தான் நடக்கிறோம். அவர் அடிக்கடி குனிந்து ஒரு காசோடு நிமிர்கிறார். என் கண்ணில் செல்லாக்காசுகூடப் படுவதில்லை. இது அதிர்ஷ்டமா, இல்லை என் பார்வைக் கோளாறா?

பதில்: இரண்டும் இல்லை. அவர் காசு விழும் இடத்தைப் பார்க்கிறார். நீங்கள் ஜனங்கள் நடக்கும் இடத்தைப் பார்க்கிறீர்கள். அதுவும் போனிலிருந்து தலை நிமிர்ந்த நேரத்தில் மட்டும் என்று ஊகிக்கிறேன்.

சும்மா நடந்து போகிறவரின் பையிலிருந்து காசு அவ்வளவாக விழாது. பைக்குள் போன கை வெளியே வரும்போது விழும். நிற்கிறவர் உட்காரும்போது, உட்கார்ந்தவர் சாயும்போது விழும். சாவி எடுக்கும் வாசற்படி, டிக்கெட் இயந்திரத்தின் முன்புறம், பஸ் நிறுத்தம், நிறுத்திய காரின் ஓட்டுநர் கதவுப் பக்கம், பூங்கா பெஞ்சில் பலகை இடுக்குகளுக்கு நேர் கீழே, பிள்ளைகள் தலைகீழாகத் தொங்கும் கம்பிகளுக்கு அடியில் என்று பாருங்கள். நடைபாதையின் நடுப்பகுதியை விட்டுவிடலாம்.

விழுந்த காசு விழுந்த இடத்திலேயே கிடக்கும் என்றும் நினைக்காதீர்கள். கெட்டித் தரையில் விளிம்பு பட்டால் உருளும். வேகம் குறையக் குறைய ஒரு பக்கம் சாய்ந்து, சாய்ந்த பக்கமே வளைந்து போகும். சத்தம் கேட்ட திசையில் நேர்கோட்டில் தேடுகிறவர் ஏமாறுவது இதனால்தான். எது தடுக்கிறதோ அங்கே போய் நிற்கும்: சுவரோரம், படியின் உள்மூலை, நடைபாதை ஓரக்கல்லும் சாலையும் சேரும் கோடு. பலத்த மழைக்குப் பிறகு, சரிவான சாலையில் வேகத்தடையின் மேட்டுப் பக்கத்தையும் பாருங்கள். தண்ணீர் இழுத்து வந்த மண்ணோடு காசும் அங்கே தங்கும்.

அடுத்தது வெளிச்சம். உச்சி வெயில் இதற்கு உதவாது. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருக்கும்போது, அதை நோக்கி நடந்தபடி இரண்டு மூன்று மீட்டர் முன்னால் பாருங்கள். தட்டையாகக் கிடக்கும் காசு ஒளியை உங்கள் பக்கம் திருப்பிவிடும். சாலை ஈரமாக இருந்தால் எல்லாமே மின்னும். அப்போது சூரியனுக்கு முதுகைக் காட்டி நடங்கள். போன வழியிலேயே திரும்பி வந்தால் ஒளியின் கோணம் மாறியிருக்கும், முதலில் தப்பியது இப்போது தெரியும். மினுக்கத்தை மட்டும் நம்பியிருந்தால் பாதியைத் தவறவிடுவீர்கள். செம்புப் பூச்சுள்ள காசு சில மாதங்களில் கறுத்துத் தாரின் நிறத்துக்கே வந்துவிடும். வட்டத்தைத் தேடுங்கள். பாட்டில் மூடியும், வாஷரும், நசுங்கிய சூயிங்கம்மும் ஏமாற்றத்தான் செய்யும். குனிவதும் உடற்பயிற்சிதானே!

வீட்டுக்குள் தொலைந்ததென்றால் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையிலேயே படுக்க வைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். 2 மி.மீ. தடிமனுள்ள காசுக்கு, 5 டிகிரி சாய்வில் வரும் ஒளி 2 செ.மீ.க்கும் அதிகமான நிழலைக் கொடுக்கும். சோபா இடுக்கில் வெறுங்கையை விடாதீர்கள், ஊசியும் ஸ்டேப்ளர் பின்னும் இருக்கும். வேக்கம் கிளீனர் குழாயின் வாயில் மெல்லிய காலுறையை இழுத்துக் கட்டி உறிஞ்சினால் காசு உள்ளே போகாமல் துணியில் ஒட்டி நிற்கும். கார் சீட்டுக்கு அடியில் மஞ்சள் உறையிட்ட வயர் தென்பட்டால் அதைத் தொடவோ இழுக்கவோ கூடாது. அது பெரும்பாலும் ஏர்பேக் இணைப்பு.

பலர் மறந்துவிடும் உண்டியல் வாஷிங் மெஷின். முன்பக்கம் கதவுள்ள வகையில் முதலில் கதவோர ரப்பர் வளையத்தின் கீழ் மடிப்பை விரித்துப் பாருங்கள். பிறகு, கீழே சிறிய மூடிக்குப் பின்னால் இருக்கும் பம்ப் ஃபில்டர். பிளக்கைப் பிடுங்கி, உள்ளே சுடுநீர் இருந்தால் ஆறவிட்டு, தட்டையான தட்டும் பழைய துண்டும் வைத்துக்கொண்டு ஃபில்டரை இடப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். ஒரேயடியாகத் திருகினால் தேங்கிய தண்ணீர் முழுவதும் தரைக்கு வந்துவிடும். திரும்ப மாட்டும்போது இறுக்கம் போதாவிட்டால் அடுத்த துவைப்பில் ஒழுகும். தண்ணீர் வெளியேறும் நேரத்தில் மட்டும் கடகடவென்று சத்தம் வந்தால் காசு பம்ப் பக்கம் இருக்கலாம். டிரம் சுழலும்போதெல்லாம் சத்தம் வந்தால் டிரம்முக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவில் சிக்கியிருக்கக்கூடும். அப்படியே ஓட்டாதீர்கள், பிளாஸ்டிக் தொட்டி ஓட்டையாகலாம். அது மெக்கானிக்கின் வேலை.

நோட்டு வேறு ரகம். காற்று அதைக் கொண்டுபோய் வேலியடியிலும் கட்டட மூலையிலும் சருகோடு சேர்க்கும். பழைய பருத்தித்தாள் நோட்டு சருகு போலவே தெரியும். நனைந்து ஒட்டிக்கொண்ட தாள்களை ஈரத்தோடு பிரித்தால் கிழியும், காயவிட்டுப் பிரியுங்கள். ஆஸ்திரேலியா 1988இல் தொடங்கிவைத்த பாலிமர் நோட்டு தண்ணீருக்கு அசராது. இஸ்திரிப் பெட்டியை வைத்தால் மட்டும் சுருங்கிவிடும்.

நூலில் காந்தம் கட்டி இடுக்கில் விடும் யோசனை எல்லாக் காசுக்கும் பலிக்காது. பெரும்பாலும் எஃகு உடலுள்ளவைதான் ஒட்டும்: யூரோவின் 1, 2, 5 சென்ட்கள், 1992 முதல் வந்த பிரிட்டிஷ் பென்னிகள் போன்றவை. முக்கால் பங்கு செம்பும் கால் பங்கு நிக்கலும் கலந்த காசு அசையாது.

காசு போட்டுப் பொருள் வாங்கும் இயந்திரத்தில் காசு திரும்பும் குழியைத் தொட்டுப் பார்க்கலாம், தப்பில்லை. இயந்திரத்தை ஆட்டிப் பார்க்காதீர்கள். நூற்றுக்கணக்கான கிலோ எடை; மேலே சாய்ந்து செத்தவர்கள் உண்டு.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தரையில் கிடக்கும் ஒற்றைக் காசும், அடையாள அட்டையோடு கிடக்கும் பர்ஸும் ஒன்றல்ல. உரியவரைக் கண்டுபிடிக்க முடியும் என்று தெரிந்தே எடுத்துக்கொள்வது பல நாடுகளில் குற்றம். கடைக்குள் கிடைத்தால் கடைக்காரரிடம், தெருவில் கிடைத்தால் காவல் நிலையத்தில். நீரூற்றில் வேண்டிக்கொண்டு போட்ட காசு தொலைந்த காசே இல்லை. ரோமின் ட்ரெவி நீரூற்றில் விழுவதைச் சேகரித்து காரித்தாஸ் தொண்டு அமைப்புக்குத்தான் கொடுக்கிறார்கள்.

கிடைத்தது பார்த்தறியாத பழைய நாணயமா? பளபளப்பாக்கத் தேய்க்காதீர்கள், அமிலத்தில் போடாதீர்கள். மேல்படலம் போனால் சேகரிப்பாளர்களிடம் மதிப்பும் போகும். தண்ணீரில் அலசி, ஒற்றித் துடைத்து, விளிம்பைப் பிடித்துக் கொண்டுபோய் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.