விலையுயர்ந்த கருவி இல்லாமல் மரவட்டை, கரப்பான் போன்ற சிற்றுயிர்களின் வளர்சிதை மாற்ற வீதத்தை அளக்க முடியுமா? (எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்குக் கேட்கிறேன்)

தாராளமாக முடியும். உங்கள் கைடு "பட்ஜெட் இல்லை, வேறு தலைப்பு எடு" என்று சொல்லியிருப்பார். அதைக் கேட்டுத் தலைப்பை மாற்றிவிடாதீர்கள்.

நான் பேராசிரியர் இல்லை. சேலத்தில் ஒரு கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். "அட்டெண்டருக்கு என்ன தெரியும்" என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

தேவையானது அகலமான சோதனைக் குழாய், இரண்டு துளை ரப்பர் கார்க், ஒரு மில்லி பிப்பெட், ஊசி போடும் சிரிஞ்ச். குழாயின் அடியில் கே.ஓ.எச். (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசலில் நனைத்த பஞ்சு, அதன்மேல் கம்பி வலை, வலைமேல் மரவட்டை. அது விடும் கார்பன் டை ஆக்சைடைப் பஞ்சு உறிஞ்சிக்கொள்ளும். ஆக்சிஜன் குறையக் குறைய, பிப்பெட்டில் இருக்கும் சாயத்துளி உள்ளே நகரும். ஆக்சிஜன் செலவாகும் அந்த வேகம்தான் நமக்கு வேண்டிய வளர்சிதை மாற்ற வீதத்தின் அளவு. சிரிஞ்சால் துளியைத் திரும்ப வெளியே தள்ளி மறுபடி அளக்கலாம். பக்கத்திலேயே உயிர் இல்லாமல், அதே பருமனுக்குக் கண்ணாடி மணி போட்ட இன்னொரு குழாய் கட்டாயம் வேண்டும். வெப்பம் ஒரு டிகிரி ஏறினாலே 50 மில்லி காற்று 0.17 மில்லி விரிந்துவிடும். மரவட்டை எடுத்த ஆக்சிஜன் கணக்கு அதில் அடிபட்டுப் போகும். மீன் கடைத் தெர்மோகோல் பெட்டியில் தண்ணீர் ஊற்றி இரண்டு குழாயையும் அதில் மூழ்க வையுங்கள்.

எங்கள் கல்லூரியில் ஒரு பெண் இதே வேலையைச் செய்தாள். ஏற்காட்டில் காபித் தோட்டச் சருகுக்கடியில் பொறுக்கிய மரவட்டைகளை மேலேயே ஒரு அறையில் அளந்தோம், பிறகு சேலத்துக்குக் கொண்டுவந்து அளந்தோம். இரண்டு இடத்திலும் தண்ணீர் 25 டிகிரி. மேலே வெந்நீர் ஊற்ற வேண்டியிருந்தது, கீழே சித்திரை வெயிலில் ஐஸ் போட்டோம். கையில் எடுத்ததும் சுருண்டுகொண்டு, விரலில் பழுப்புக் கறை வைத்துவிடும். நெடி போகவே போகாது. அது சுருள் பிரிந்து நடக்கத் தொடங்கினால் துளி விறுவிறுவென ஓடும். ஓய்வுநிலை வீதம் வேண்டுமென்றால் அடங்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

மேலே அளந்தபோது 15, 16 சதவீதம் அதிகமாக வந்தது. கைடு சார் உடனே "மலைச்சூழல் தகவமைப்பு" என்று தலைப்பே போட்டுவிட்டார். நான் கேட்டேன், "கண்ணு, பாரோமீட்டர் பார்த்தியா?" சேலத்தில் காற்றழுத்தம் சுமார் 735 மி.மீ. பாதரசம், 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில் 635-ஐ ஒட்டி. மேலே ஒரு மில்லி காற்றில் ஆக்சிஜன் குறைவு, அதனால் அதே அளவு ஆக்சிஜனுக்குத் துளி கூடுதல் தூரம் ஓடும். அழுத்தத்தில் நீராவிக்கு 24 மி.மீ. கழித்து, 760-ஆல் வகுத்து, 273/298-ஆல் பெருக்கி, வந்த எண்ணால் துளி காட்டிய மில்லி அளவைப் பெருக்கினோம்; இரண்டு ஊர்க் கணக்கும் ஒரே தரநிலைக்கு (0 டிகிரி, 760 மி.மீ.) வந்தது. வித்தியாசம் காணாமல் போனது!

ஆய்வேட்டின் நன்றியுரையில் டைப் அடித்த கடைக்கு நன்றி இருந்தது. என் பெயரை அவள் எழுதியிருந்தாள்; சார் அடித்துவிட்டார்.

போகட்டும். "இது பள்ளிக்கூட விளையாட்டு" என்று சொல்ல வருபவர்களுக்கு: 1920-ல் நோபல் வாங்கிய டென்மார்க் உடலியல் அறிஞர் ஆகஸ்ட் க்ரோ தன் கருவிகளைத் தானே செய்துகொண்டவர்தான். பறக்கும் பூச்சிக்கு இந்தக் குழாய் லாயக்கில்லை என்பது எனக்கும் தெரியும். சில பூச்சிகள் மூச்சுத்துளைகளை நெடுநேரம் மூடி வைத்திருந்து திடீரென்று திறக்கும். அங்கே பத்து நிமிட ரீடிங் ஏமாற்றும். கரப்பானையும் நீண்ட நேரம் விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை: எங்களிடம் ஒரு வார்பர்க் கருவி (வாயு அழுத்த மாற்றத்தை வைத்துச் சுவாசத்தை அளக்கும் பழைய கருவி) இருந்தது. கண்ணாடி மானோமீட்டர் ஒவ்வொன்றையும் நான்தான் கழுவுவேன், ஒன்றுகூட உடைந்ததில்லை. ஆய்வுக்குழு வருகிறது, ஸ்மார்ட் போர்டு மாட்ட இடம் வேண்டும் என்று பழைய இரும்போடு எடைக்குப் போட்டுவிட்டார்கள். அந்த போர்டில் இன்றுவரை தேதி மட்டும்தான் எழுதுகிறார்கள்.

எலி, ஓணான் பக்கம் போகாதீர்கள். முதுகெலும்பு உள்ளதென்றால் நெறிமுறைக் குழு அனுமதி வாங்குவதற்குள் உங்கள் செமஸ்டர் முடிந்துவிடும். மரவட்டைக்கு எஸ்டேட்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், காட்டுப் பகுதியில் கை வைக்காதீர்கள். கார்க் துளை அளவு வேண்டுமென்றால் கேளுங்கள், சொல்கிறேன்.