பதில்: லில்லிபாண்டில் கார்டும் வாத்தியப் பெயரும்

வணக்கம். ஏ மைனர், பி ஃபிளாட் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரத்தொகுதிகளை) ‘ஏஎம்’, ‘பிபி’ என்று அடித்தால், இசைக் குறிப்புகளை அச்சிடும் மென்பொருளான லில்லிபாண்ட் பிழை காட்டுகிறது, கீபோர்டு என்ற பெயர் இடது ஓரத்தில் வெட்டுப்படுகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

தாளில் எழுதுகிற மாதிரியே கார்டை அதில் எழுத முடியாது. கார்டுகளை உள்ளிடும் கார்ட்மோட் பகுதிக்குள் வரிசை இதுதான்: சுரத்தின் ஆங்கிலச் சிற்றெழுத்து, கால அளவு, முக்காற்புள்ளி (:), கடைசியில் மைனர் போன்ற வகை. 4/4 தாளத்தில் ஒரு பார் (தாளச் சுற்று) முழுக்க ஏ மைனர் வேண்டுமா? ஏ, 1, முக்காற்புள்ளி, எம். இடைவெளி விடாதீர்கள். அந்த 1-ஐக் கடைசியில் போட்டால் அது கால அளவாகாது. நானும் இதில் ஒரு மாலையைத் தொலைத்திருக்கிறேன்.

பி ஃபிளாட் (அரைச்சுரம் குறைந்த பி) கதை வேறு. லில்லிபாண்ட் இயல்பாகவே டச்சு சுரப்பெயர்களில் ஓடுகிறது. அதனால் அங்கே பி ஃபிளாட் என்பது ‘பிஇஎஸ்’, எஃப் ஷார்ப் (அரைச்சுரம் கூடிய எஃப்) என்பது ‘எஃப்ஐஎஸ்’. கோப்பின் தொடக்கத்தில் லாங்குவேஜ் கட்டளையில் இங்கிலீஷ் என்று கொடுத்துவிட்டால் ‘பிஎஃப்’, ‘எஃப்எஸ்’ போதும். நீங்கள் அதையே செய்யுங்கள், கண்ணுக்கும் பழக்கமானது.

எழுதியதை, கார்டின் பெயரை அச்சிடும் கார்ட்நேம்ஸ் என்ற பகுதிக்குள் வையுங்கள். ஸ்டாஃபுக்குள் (சுரங்களை எழுதும் ஐந்து கோட்டு வரிசைக்குள்) வைத்தால் பெயருக்குப் பதில் சுரப்புள்ளிகள்தான் அச்சாகும்.

வாத்தியப் பெயருக்கு: முதல் வரிக்கு இயல்பாக 15 மி.மீ. உள்தள்ளல்தான் இருக்கும். லேஅவுட் பகுதியில் இன்டென்ட் (உள்தள்ளல்) அளவை 25 மி.மீ. ஆக்கிப் பாருங்கள். இரண்டு ஸ்டாஃப் கீபோர்டுக்குப் பெயரை, இரண்டையும் சேர்க்கும் பகுதியான பியானோஸ்டாஃபில் ஒரே முறை கொடுங்கள். தமிழிலேயே பெயர் எழுதலாம், கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்தால் சரி.