ஐ.க்யூ. 78 வந்தால் பிள்ளை மந்தமா?

கேள்வி: என் மகளுக்கு ஏழரை வயது. வேலை நிமித்தம் வெளிநாடு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். வகுப்பில் பேசுவதில்லை, வாசிப்பில் பின்தங்கியிருக்கிறாள் என்று சொல்லி ஆங்கிலத்தில் ஒரு சோதனை வைத்தார்கள். ஐ.க்யூ. 78 என்று வந்திருக்கிறது. சிறப்பு வகுப்புக்கு மாற்றக் கையெழுத்துக் கேட்கிறார்கள். தனியார் ஆலோசனை மையம் ஒன்று, "வீட்டில் தமிழை உடனே நிறுத்துங்கள், கைரேகைச் சோதனையும் ஆறு மாதப் பயிற்சியும் எடுங்கள்" என்கிறது. என்ன செய்வது?

பதில்: இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழையும் நிறுத்தாதீர்கள்.

முதலில் அந்த 78. ஐ.க்யூ. அளவில் சராசரி 100. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள். எவ்வளவு நல்ல சோதனையிலும் ஏறத்தாழ 5 புள்ளி முன்பின் ஆகும். எனவே 78 என்றால் 73-லிருந்து 83-க்குள் எங்கோ ஓரிடம் என்றுதான் பொருள். அறிவு வளர்ச்சிக் குறைபாட்டைப் பற்றிப் பேசவே தொடங்கும் எல்லை 70. அதற்குக் கீழே போனாலும், உடுத்துவது, சொன்ன வேலையைச் செய்து முடிப்பது, பணம் எண்ணுவது போன்ற அன்றாடக் காரியங்களைப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது. இதெல்லாம் சோதனை முறையாக நடந்திருந்தால். எத்தனை விடைக்கு எந்த ஐ.க்யூ. என்று சொல்லும் அட்டவணையே, பிறந்தது முதல் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளின் மதிப்பெண்ணை வைத்துத்தான் தயாராகிறது. பதினெட்டு மாதமாகக் கேட்கிற பிள்ளையை அதே அட்டவணையில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இந்தத் தவறுக்கு நூறு வயதுக்கு மேலாகிறது. முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் சுமார் 17 லட்சம் பேருக்கு இப்படிச் சோதனை வைத்தது. அந்தக் கணக்கை எடுத்து 1923-ல் புத்தகம் எழுதினார் கார்ல் பிரிகாம் என்ற உளவியலாளர். குடியேறியவர்கள் அந்த நாட்டில் எத்தனை வருடம் கூடுதலாக வாழ்ந்தார்களோ அவ்வளவு கூடுதலாக மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர்கள் உள்ளூர்க்காரர்களுக்குச் சமமாக நின்றார்கள். மொழியும் பழக்கமும் படியப் படிய மதிப்பெண் ஏறுகிறது என்று கண்ணுக்கு நேரே தெரிகிறது. அவரோ, பின்னால் வந்த இனத்தவர்கள் அறிவில் தாழ்ந்தவர்கள் என்று எழுதினார். 1930-ல் அவரே அந்த முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதற்குள், 1924-லேயே, தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்களின் வரவைக் கடுமையாகக் குறைக்கும் சட்டம் வந்துவிட்டது.

பள்ளிகளிலும் இதே கதைதான். கலிஃபோர்னியாவில் ஸ்பானிஷ் பேசும் ஒன்பது பிள்ளைகளை ஆங்கிலச் சோதனை வைத்து மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் போட்டிருந்தார்கள். ஸ்பானிஷில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அந்த எல்லையைத் தாண்டி மேலே வந்தார்கள். பிள்ளையின் முதல் மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று 1970-ல் அந்த வழக்கில் உடன்பாடு ஆனது. பிரிட்டனில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் அளவுக்கு மீறிச் சிறப்புப் பள்ளிகளுக்குத் தள்ளப்படுவதை பெர்னார்ட் கோர்ட் என்ற ஆசிரியர் 1971-ல் அம்பலப்படுத்தினார். ஐம்பது வருடம் கடந்தும், ஒரே மொழியில் ஒரே நாளில் சோதனையை முடித்துப் படிவத்தை நீட்டுகிறார்கள். பள்ளிக்கு ஆள் இல்லை, நேரம் இல்லை என்பார்கள். அது பள்ளியின் சிக்கல். அதற்கு உங்கள் மகள் விலை கொடுக்க முடியாது.

"படம் பார்த்துச் சொல்லும் சோதனைதான், மொழியே கிடையாது" என்று சொன்னால் அதோடு சமாதானம் ஆகிவிடாதீர்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு என்று அந்த ராணுவம் வைத்த சோதனையும் படங்கள்தான். படத்தில் எது விடுபட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். விடை: டென்னிஸ் வலை, கிராமஃபோனின் குழல். அவற்றைப் பார்த்தே இராதவர் என்ன சொல்வார்? மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவின் க்பெல்லே மக்களிடம் நடந்த ஆய்வில், பொருள்களை வகைப்படுத்தச் சொன்னபோது கத்தியைப் பழத்தோடு வைத்தார்கள், வெட்டுவதற்கு ஆயிற்றே! விவேகமுள்ளவன் அப்படித்தான் செய்வான் என்றார்கள். முட்டாள் எப்படி வைப்பான் என்று கேட்டதும், ஆராய்ச்சியாளர் எதிர்பார்த்த மாதிரியே உணவு ஒரு பக்கம், கருவி ஒரு பக்கம் என்று அடுக்கிக் காட்டினார்கள்.

இனி அந்த ஆலோசனை மையம். விரல் ரேகை, பிறப்பதற்கு முன்பே, கருவிலேயே உருவாகி முடிந்துவிடுகிறது. அதை வைத்துப் பிள்ளையின் கற்கும் திறனைச் சொல்ல எந்த அறிவியல் அடிப்படையும் இல்லை. அந்த அறிக்கையில் வண்ண வண்ணமாக வட்டப் படம் இருக்கும், சதவீதம் இருக்கும், கடைசிப் பக்கத்தில் பயிற்சிக் கட்டணம் இருக்கும். சோதிப்பவரே பயிற்சியையும் விற்றால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். ஐ.க்யூ. சோதனைக்கு முன்கூட்டியே பழக்கிவிடுகிறேன் என்பவர்கள் இன்னும் மோசம். வினாக்கள் தெரிந்துபோனால் அதன்பின் நேர்மையான உளவியலாளரும் அதே சோதனையை வைக்க முடியாது. குறைந்தது ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

தமிழை நிறுத்தச் சொல்வதும் பழைய குப்பைதான். இரண்டு மொழி பேசினால் மூளை குழம்பும் என்று 1920-களில் எழுதினார்கள். குடும்ப வசதி, ஊர், பள்ளி இவற்றின் வேறுபாட்டை அவர்கள் சரியாகக் கழிக்கவில்லை. 1962-ல் கனடாவின் மான்ட்ரியலில் பீல், லாம்பர்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பத்து வயதுப் பிள்ளைகளை அந்த வேறுபாடுகளைச் சமன்செய்து சோதித்தபோது இருமொழிப் பிள்ளைகள் பின்தங்கவில்லை, முந்தினார்கள். விளையாட்டுத் திடலில் பேசும் ஆங்கிலம் இரண்டு வருடத்தில் வந்துவிடும். பாடப் புத்தக ஆங்கிலத்தில் மற்றப் பிள்ளைகளை எட்டிப் பிடிக்க ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும் என்று இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் கணக்குக் காட்டினார். "நன்றாகத்தானே பேசுகிறாள், பிறகு ஏன் வாசிக்க வரவில்லை?" என்று ஆசிரியர் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

எழுத்துப் பிழைகளையும் ஒருமுறை பாருங்கள். 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் 'ப' ஓர் ஒலி, நடுவில் வரும் 'ப' வேறு ஒலி. நமக்கு எழுத்து ஒன்றுதான். ஆங்கிலத்தில் அவை இரண்டு எழுத்து. இவற்றை மாற்றி எழுதுவது தமிழ்ச் செவியின் பழக்கமாக இருக்கலாம். தமிழ் தெரியாத சோதனையாளர் அதை டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) கணக்கில் சேர்த்துவிடுவார்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இதில் அசட்டையாக இருந்தால் பிள்ளை வருடங்களை இழப்பாள். சிக்கல் தமிழிலும் இருந்தால் காத்திருக்கவே கூடாது. உண்மையான மொழிக் குறைபாடு ஒரு மொழியில் மட்டும் இருக்காது. இரண்டு வயது தாண்டியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லையா? இங்கே வருவதற்கு முன்பே, நடந்ததை வரிசையாகச் சொல்லத் தெரியாமல் இருந்தாளா? "செருப்பைக் கழற்றிவிட்டு, பையை வைத்துவிட்டு வா" என்றால் ஒன்றை மட்டும் செய்துவிட்டு நின்றாளா? வீட்டில் வேறு யாருக்காவது வாசிப்புச் சிக்கல் இருந்ததா? இவற்றில் இரண்டுக்கு ஆம் என்றால், மொழி புதிது என்ற சமாதானத்தை ஓரமாக வைத்துவிட்டு முழு மதிப்பீட்டை நீங்களே கேட்டு வாங்குங்கள். ஒரு எச்சரிக்கை: இங்கு வந்தபின் தமிழ் குறைந்துபோன வீடுகளில் பிள்ளையின் தமிழும் தேய்ந்துவிடும். அப்போது இரண்டு மொழியும் பலவீனமாகத் தெரியும்; குறைபாடு போலவே இருக்கும், ஆனால் குறைபாடு ஆகாது. அதனால் இன்றைய தமிழை மட்டும் பார்க்காதீர்கள், புறப்படும் முன் இருந்த தமிழை நினைவுபடுத்துங்கள். பழைய செல்போன் வீடியோக்கள் இதற்கு நல்ல சாட்சி.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் காது. எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் ஆடியோகிராமோடு, நடுச்செவியைப் பார்க்கும் டிம்பனோமெட்ரியும் எடுங்கள். நடுச்செவியில் நீர் கோத்திருந்தால் பிள்ளை பாதிதான் கேட்பாள், வெளியே தெரியாது. அடுத்து கண். பிறகு ஒரே பக்கத்தில் மொழி வரலாறு எழுதுங்கள்: முதல் சொல் எந்த வயதில், வீட்டில் யார் எந்த மொழி, ஆங்கிலம் தொடங்கி எத்தனை மாதம். சொற்களே இல்லாத படக்கதை ஒன்றை எடுத்து, ஒரு நாள் தமிழிலும் சில நாள் கழித்து ஆங்கிலத்திலும் சொல்லச் சொல்லி ஐந்தைந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். நடுவில் எடுத்துக்கொடுக்காதீர்கள். தமிழ்க் கதையில் யார், எங்கே, ஏன், பிறகு என்ன என்பது கோவையாக வந்தால் உங்கள் கவலையில் பாதி தீர்ந்தது.

கடைசியாகப் பள்ளிக்கு ஒரு கடிதம். வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். மொத்த எண் போதாது, பகுதிவாரி மதிப்பெண் வேண்டும். சொல் சார்ந்த பகுதி 70-லும் மற்றவை 95-லும் இருந்தால் சராசரியான ஒற்றை எண்ணுக்குப் பொருளே இல்லை. மறுமதிப்பீட்டில் தமிழ் தெரிந்த, உறவினர் அல்லாத மொழிபெயர்ப்பாளர் வேண்டும். தெரியாததை அங்கேயே கற்றுக்கொடுத்து மறுபடி சோதிக்கும் முறையும் சேர வேண்டும். சில நிமிடம் சொல்லிக்கொடுத்ததும் பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்குக் குறை பெரும்பாலும் மூளையில் இல்லை. வகுப்பு மாற்றம் முடிவாகும் வரை, இருக்கும் வகுப்பிலேயே ஆங்கில வாசிப்புக்குத் தினமும் கூடுதல் உதவி தரச் சொல்லுங்கள். அதற்கு எந்த ஐ.க்யூ. எண்ணும் தேவையில்லை. கடிதத்தில் தேதி போட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்கி, காது சோதனை அறிக்கையோடு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.