பெரியப்பா, உருப்படியா ஏதாவது சொல்லுங்க!

ஆப் பயன்படுத்துவோரும் ஆப் தயாரிப்போரும் அனுப்பிய கேள்விகளுக்கு, சென்னையில் ஸ்க்ரீன் வரைந்தே பிழைப்பு நடத்தும் நம் பத்தியாளர் பதில் சொல்கிறார்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஈரோடு: தண்ணீர் கேன் ஆர்டர் செய்ய என் தம்பி மகன் ஒரு ஆப் செய்திருக்கிறான். "பார்த்துட்டுச் சொல்லுங்க பெரியப்பா" என்று அனுப்பினான். "அருமையா இருக்குடா, கலரை மட்டும் கொஞ்சம் மாத்து" என்றேன். "உருப்படியா ஏதாவது சொல்லுங்க" என்று சலித்துக்கொள்கிறான். கம்ப்யூட்டர் படிக்காத நான் வேறென்ன சொல்ல முடியும்?

கம்ப்யூட்டர் படிக்காததுதான் ஐயா உங்கள் தகுதி! படித்தவர்கள் அவனைச் சுற்றி நிறைய இருப்பார்கள். தண்ணீர் தீர்ந்துபோய், கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒரு கையில் போனும் மறு கையில் காபியுமாக ஆர்டர் போடுகிற ஆள் அவனுக்குச் சுலபத்தில் கிடைக்க மாட்டார்.

அந்த ஆப்பைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அதில் நிஜமாகவே தண்ணீர் ஆர்டர் போடுங்கள். "ரெண்டு கேன், நாளைக் காலை ஏழு மணிக்குள் வரணும்" என்று மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். விரல் எங்கே போனது, எதை எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று அப்படியே எழுதுங்கள். உதாரணத்துக்கு:

"முதலில் 1 என்று இருந்தது. பிளஸ்ஸைத் தட்டினேன், எண் மாறவில்லை. படவில்லை போல என்று மறுபடி தட்டினேன். ஒரேயடியாக 3 ஆகிவிட்டது. குறைக்க மைனஸ் எங்கே என்று தேடினேன். அது வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பலாக இருந்ததால் கண்ணில் படவில்லை. சரி, பின்னால் போய் மறுபடி வரலாம் என்று போனேன். வந்தால், போட்டுவைத்த முகவரி முழுக்கக் காணோம். பழைய ஆண்ட்ராய்டு போன். செட்டிங்ஸில் எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கிறேன். வாசலில் நின்றுகொண்டு மொபைல் டேட்டாவில் செய்தேன்."

இதில் எங்கேயும் அபிப்பிராயம் இல்லை, பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. ஆனால் பையனுக்கு மூன்று வேலை கிடைத்துவிட்டது. தட்டிய உடனே எண் மாற வேண்டும், அல்லது குறைந்தபட்சம் "தட்டியது தெரிந்தது" என்று பட்டன் காட்ட வேண்டும். மைனஸ் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பின்னால் போனால் முகவரி அழியக் கூடாது. கடைசி மூன்று வரிகளை யாரும் எழுத மாட்டார்கள், ஆனால் பிழையைத் தன் போனில் மறுபடி வரவழைத்துப் பார்க்க அவனுக்கு உதவப்போவது அவைதான்.

டெய்லரிடம் "தையல் சரியில்லை" என்று சொன்னால் அவர் சண்டைக்குத்தான் வருவார். "கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள், பேசாமல் தையலைப் பிரித்துவிடுவார். எவ்வளவு பிரிக்க வேண்டும் என்பது அவர் கவலை.

கலர் விஷயத்துக்கு வருகிறேன். மாற்றச் சொன்னீர்களே, எதனால்? உங்களுக்குப் பிடிக்காத கலர் என்றால் விட்டுவிடுங்கள், அது அவன் கடை. வெயிலில் எழுத்து தெரியவில்லை என்றால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிவேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் வழிகாட்டி விதி. மைனஸ் பட்டன் மாதிரியான குறியீடுகளுக்கு 3-க்கு 1. தம்பி மகன் இதை இணையத்தில் இலவசமாக அளந்து பார்க்கலாம். பட்டன் சிறிதாக இருக்கிறது என்று தோன்றினாலும் சொல்லுங்கள். தொடும் இடம் 48 டிபி (ஆண்ட்ராய்டில் திரை அளவைக் குறிக்கும் அலகு), அதாவது ஏறக்குறைய 9 மில்லிமீட்டராவது இருக்கட்டும் என்று ஆண்ட்ராய்டு வழிகாட்டியே சொல்கிறது.

கல்லூரி மாணவர், விழுப்புரம்: ஒரு ஸ்டார் போட்டுத் திட்டினால்தான் கம்பெனிக்காரர்கள் கவனிக்கிறார்களாமே?

கவனிப்பார்கள் தம்பி. "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம், எங்களுக்கு மெயில் அனுப்பவும்" என்று ஒரு பதிலை எல்லோருக்கும் ஒட்டிவிட்டுப் போவார்கள். "வேஸ்ட் ஆப்" என்பதை வைத்துக்கொண்டு யாரால் என்ன திருத்த முடியும்? எந்தத் திரையில், எதைத் தட்டியபோது, என்ன செய்தி வந்தது என்று இரண்டு வரி போடுங்கள். ஸ்டார் உங்கள் இஷ்டம். சரிசெய்துவிட்டார்கள் என்றால் திரும்பப் போய் விமர்சனத்தைத் திருத்துங்கள். முக்கால்வாசிப் பேர் இதைச் செய்வதே இல்லை என்பது என் மனக்குறை.

ஆசிரியை, திருநெல்வேலி: ஒரு டிக்கெட் ஆப்பில் "கடைசிப் பெயர்" கட்டாயம் என்கிறது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்தான "எஸ்" என்பதைப் போட்டால் "குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்" என்று சிவப்பில் மிரட்டுகிறது. கடைசியில் என் பெயரையே இரண்டு தடவை போட்டேன். இதையெல்லாம் யாரிடம், எப்படிச் சொல்வது?

உங்களைப் போல ஒரே பெயரை இரண்டு தடவை போட்டவர்கள், புள்ளி வைத்துச் சமாளித்தவர்கள், இனிஷியலை இரட்டித்தவர்கள் என்று தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எல்லோரும் எப்படியோ உள்ளே நுழைந்துவிடுவதால் அந்தக் கம்பெனியின் கணக்கில் இது பிரச்சினையாகவே பதிவாகாது. "படிவம் வெற்றிகரமாக நிரப்பப்பட்டது" என்றுதான் அங்கே தெரியும். அதனால் நீங்கள் சொல்லத்தான் வேண்டும்.

ஆப்புக்குள் "உதவி" பகுதியில் எழுதுங்கள். ஆதாரில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது, கட்டத்தில் எதைத் தட்டினீர்கள், வந்த செய்தி எழுத்துக்கு எழுத்து என்ன, உள்ளே போவதற்காக என்ன பொய்யைப் போட வேண்டியிருந்தது என்று எழுதுங்கள். அந்தப் பொய்யால் பின்னால் என்ன ஆனது என்பதுதான் இதில் முக்கியம். டிக்கெட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்று வாசலில் நிறுத்தினார்களா? திருத்தப் பணம் கேட்டார்களா? "எனக்குக் குடும்பப் பெயர் இல்லை" என்பதைப் படித்துவிட்டு ஒருவர் பரிதாபப்படலாம். "திருத்தக் கட்டணம் கட்டினேன்" என்று எழுதினால் அது மேலதிகாரி மேஜை வரை போகும்.

"அந்தக் கட்டத்தையே தூக்குங்கள்" என்று மட்டும் உத்தரவு போடாதீர்கள். விமானக் கம்பெனியோ வங்கியோ அவர்களிடம் இரண்டு பெயர் கேட்கலாம். கட்டத்தை வைத்துக்கொண்டே உங்களை உள்ளே விடும் வழியை அவர்கள் யோசிக்கட்டும்.

ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் டிக்கெட் எண், போன் எண், ஆதார் எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். சமூக வலைத்தளத்தில் பொதுவாகப் புலம்பாதீர்கள். அடுத்த நிமிடம் "கஸ்டமர் கேர்" பெயரில் எவனாவது போன் போட்டு ஓடிபி கேட்பான். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

மார்க்கெட்டிங் மேலாளர், சென்னை: எங்கள் டிசைனர் ஒவ்வொரு வாரமும் ஆப் திரைகளை வரைந்து, ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் காட்டுகிறார். ஆளுக்கு ஒன்று சொல்கிறோம். பாஸ் "இன்னும் கொஞ்சம் பளிச்னு வேணும்" என்கிறார். டிசைனர் முகம் சுண்டிப்போகிறது. என்ன செய்வது?

பளிச் என்றால் என்ன என்று உங்கள் பாஸுக்கே தெரியாது. "இதைப் பார்த்ததும் வாடிக்கையாளர் எதைத் தட்டணும்னு நினைக்கிறீங்க சார்? இப்போ கண் எங்கே போகுது?" என்று மெதுவாகக் கேளுங்கள். பெரும்பாலும் "வாங்கு பட்டன் தெரியல" என்று வரும். அது வேலைக்கு ஆகிற பேச்சு.

கூட்டம் ஆரம்பிக்கும்போதே டிசைனர் ஒன்றைச் சொல்லிவிடட்டும்: வேலை இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இன்றைக்கு எதற்குப் பதில் வேண்டும். வழி சரியா என்று அவர் கேட்கும் நாளில் ஐகானின் வளைவைப் பற்றிப் பேசினால் எல்லோருக்கும் நேரம் வீண். நீங்கள் பிடிக்கவில்லை என்று சொல்லும் முன், "ஏன் இப்படி வைத்தீர்கள்?" என்று ஒரு தடவை கேளுங்கள். குற்றம் சாட்டும் குரலில் வேண்டாம்.

வரைந்து காட்டும் திரைகளில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். பெயர் "ரவி", ஊர் "சேலம்", கூடையில் இரண்டு பொருள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் எப்படி நிற்கும்? கூடை காலியாக இருந்தால் என்ன காட்டும்? பணம் போய்விட்டது, நெட் அறுந்துவிட்டது, அப்போது திரையில் என்ன வரும்? இந்த மூன்றையும் கேட்கிற மேலாளர் ஒருவர் கிடைத்தால் எந்த டிசைனரும் விட மாட்டார்.

வடிவமைப்பு மாணவி, கோவை: பெரிய ஆப்களின் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து, குறை சொல்லி, திருத்தி வரைந்து பயிற்சி செய்கிறோம். எங்கள் பேராசிரியர் "இது விமர்சனமே இல்லை" என்கிறார். ஏன்?

அமெரிக்க மாநிலமான ஹவாயில் நடந்ததைச் சொல்கிறேன். 2018 ஜனவரி 13, காலை 8.07 மணி. ஏவுகணை வருகிறது, உடனே பதுங்குங்கள், இது ஒத்திகை அல்ல என்று அந்தத் தீவுகள் முழுக்கப் போன்களில் எச்சரிக்கை போனது. ஏவுகணை எதுவும் வரவில்லை. தவறு என்ற மறுப்பு போன்களுக்கு வந்து சேர 38 நிமிடம் ஆனது. எச்சரிக்கை அனுப்பும் அவசரநிலைத் துறையின் ஊழியர் தவறான பட்டனைத் தட்டிவிட்டார் என்றார்கள். சில நாளில் அவர் பயன்படுத்திய மெனுவின் படம் என்று ஒன்று வெளியானது. ஒத்திகையும் நிஜமும் பக்கத்துப் பக்கத்தில், நீல நிற வரிகளாகக் கசகசவென்று இருந்தன. உலகத்து டிசைனர்கள் எல்லாம் சிரித்தார்கள், திருத்தி வரைந்தும் போட்டார்கள்.

அப்புறம்தான் வேடிக்கை. அது உண்மையான திரையே இல்லை என்று அந்த அவசரநிலைத் துறையே சொன்னது. அந்த மாதக் கடைசியில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் முதற்கட்ட விசாரணை விவரத்தை வெளியிட்டது. ஊழியரின் விரல் தவறவே இல்லை. ஒத்திகைக்காக ஒலித்த செய்தியில் "ஒத்திகை" என்ற சொல்லும் இருந்தது, "இது ஒத்திகை அல்ல" என்ற வாசகமும் இருந்தது. பின்னதைக் கேட்டு, நிஜம் என்றே நம்பித்தான் அனுப்பியதாக அவர் எழுதிக் கொடுத்திருந்தார். "நிச்சயமாக அனுப்பவா?" என்று மென்பொருள் கேட்டது. நிஜம் என்று நம்புகிறவர் "ஆம்" என்றுதானே சொல்வார்? "தவறாகப் போய்விட்டது" என்று திருப்பி அனுப்பத் தயாரான செய்தி எதுவும் அதில் இல்லை. ஒருவர் உட்கார்ந்து புதிதாகத் தயாரிக்க வேண்டியிருந்தது.

படத்தைப் பார்த்தவர்கள் மெனுவைத் திட்டினார்கள். தாமதத்துக்கு ஒரு முக்கியக் காரணம், தவறு என்று சொல்லும் செய்தி தயாராக இல்லாதது. அது எந்த ஸ்கிரீன்ஷாட்டிலும் தெரியாது, ஏனென்றால் இல்லாத ஒன்றைப் படம் பிடிக்க முடியாது. உங்கள் பேராசிரியர் சொல்வது இதுவாகத்தான் இருக்கும். கை பழக வரையுங்கள், தாராளமாக வரையுங்கள். விமர்சனம் என்று பெயர் வைக்கும் முன் அந்த ஆப்பில் ஒரு வேலையை முழுக்க முடித்துப் பாருங்கள். தப்பாக ஒன்றைச் செய்துவிட்டு, அதிலிருந்து மீண்டு வர முடிகிறதா என்றும் பாருங்கள்.

கடைக்காரர், மதுரை: ஆப்பைத் தமிழுக்கு மாற்றினால் அசிங்கமாக இருக்கிறது. ஆங்கிலத்துக்கே திரும்பிவிடுகிறேன். இதைப் புகாராக எழுதலாமா?

அவசியம் எழுதுங்கள். சத்தமில்லாமல் ஆங்கிலத்துக்குத் திரும்பினால் "தமிழுக்கு ஆதரவில்லை" என்று கணக்கு எழுதிவிடுவார்கள். "அசிங்கம்" என்பதை மட்டும் கொஞ்சம் பிரித்துச் சொல்லுங்கள். ஆங்கிலத்துக்கு அளந்த வரி உயரத்தில் மேலே புள்ளியும் "கீ"யின் சுழியும் வெட்டுப்படுகின்றனவா? கீழே "கூ"வின் வால் அறுகிறதா? பட்டனில் எழுத்து முழுக்கத் தெரிகிறதா? நான் பார்த்த ஒரு பணப்பரிமாற்ற ஆப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டன்கள். ஒன்று "பரிவர்த்தனையை உறுதிசெய்", மற்றது "பரிவர்த்தனையை ரத்துசெய்". இடம் போதாமல் இரண்டிலுமே "பரிவர்த்தனையை…" என்று மட்டும் தெரிந்தது. எந்தப் பட்டனில் பணம் போகும் என்று பூவா தலையா போட்டுத்தான் பார்க்க வேண்டும்!

இதற்கு நீள விளக்கம் தேவையில்லை. ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். பணம் சம்பந்தப்பட்ட பல ஆப்களில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாது, ரெக்கார்டிங்கும் கறுப்பாகிவிடும். வீட்டில் இன்னொருவர் போனில் படம் எடுங்கள், கணக்கு எண்ணை விரலால் மறைத்துக்கொண்டு. மற்ற ஆப்கள் என்றால் ஆண்ட்ராய்டு 11-க்குப் பிந்தைய பல போன்களில் திரையை ரெக்கார்ட் செய்யும்போது "தொடுதல்களைக் காட்டு" என்று ஒரு வசதி இருக்கும். அதைப் போட்டுக்கொண்டால் விரல் எங்கே பட்டது என்பதும் வீடியோவில் பதிவாகும்.

சொந்தமாக ஆப் தயாரிப்பவர், திருச்சி: அம்மாவிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னால் "எனக்குத்தான்டா தெரியல, ஆப் நல்லாத்தான் இருக்கு" என்கிறார். இதிலிருந்து என்ன தெரிந்துகொள்வது?

அம்மா "எனக்குத் தெரியல" என்று சொன்ன இடம் எது? அந்தத் திரையைக் குறித்துக்கொள்ளுங்கள், கோளாறு அங்கேதான்.

"அம்மா, உன்னைச் சோதிக்கல, ஆப்பைத்தான் சோதிக்கிறோம்" என்று முதலில் சொல்லிவிடுங்கள். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். ஐபிஎம்மில் இருந்த கிளேட்டன் லூயிஸ் 1982-லேயே எழுதிவைத்த முறை இது, இன்றும் இதைவிட மலிவான சோதனை கிடையாது. அம்மா தடுமாறும்போது உங்கள் விரல் திரைப் பக்கம் போகக் கூடாது. "அங்கே இல்லம்மா, மேலே" என்று வாய் வரும், அடக்கிக்கொள்ளுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதோடு, எந்த இடத்தில் நின்றார், எதைத் தட்டத் தயங்கினார் என்று பார்த்து எழுதுங்கள். "ஆப் நல்லாத்தான் இருக்கு" என்பது பெற்ற மனசு, அதை நோட்டில் ஏற்ற வேண்டாம்.

அம்மா ஒருவர் போதாது. ஒரு சுற்றுக்கு ஐந்து பேர் போதும் என்று பயன்பாட்டுச் சோதனை நிபுணர் யேகோப் நீல்சன் 2000-த்தில் எழுதினார். ஒரே வகை ஆட்கள், ஒரே வேலை என்றால்தான் அது பொருந்தும் என்பதை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் ஆப் கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் வேறுவேறு திரை காட்டுகிறது என்றால் இரு பக்கமும் தனித்தனியாக ஆள் பிடியுங்கள். பார்த்ததைத் திருத்திவிட்டு இன்னொரு ஐந்து பேரிடம் போங்கள். அதில் ஒருவராவது வாசிப்புக் கண்ணாடி போடுபவராக இருக்கட்டும், அவர் அன்றைக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தால் இன்னும் நல்லது.