தேர்வுக்கு இன்னும் நான்கு மாதம்

கேள்வி: எம்.டி. பொது மருத்துவம், கடைசி வருடம். ஆய்வேடு கொடுத்தாயிற்று. தேர்வுக்கு நான்கு மாதம்தான். புத்தகத்தைத் திறந்தாலே மனசு விட்டுப்போகிறது. எப்படி ஓட்டுவது, டாக்டர்?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: முதலில் தூங்கம்மா. நைட் டியூட்டி முடிந்த பகலில் படித்தது எதுவும் எனக்குத் தங்கியதில்லை.

இதே கட்டத்தில் நானும் சோர்ந்துபோனேன். ஒரு விடியற்காலை ராயபுரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். காசிமேட்டு ஏலத்திலிருந்து வந்த மீன்கார அம்மா கூடையை இறக்கிவைத்து, "என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுல வச்சுப் பார்த்த பொண்ணுதானே நீ? இப்ப மாடி ஏறுறாரும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் விரலெல்லாம் செதில்.

அன்றே வார்டுக்குத் திரும்பினேன். இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிய ஒரு பெண்ணை இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொல்லி, ஸ்டெதாஸ்கோப்பின் பெல்லை, அதாவது குழிந்த பக்கத்தை, இதய நுனியில் மெல்ல வைத்தேன். தூரத்து இடி போல அந்த உருளும் ஓசை! எத்தனை முறை படித்திருப்பேன், அன்றுதான் காதில் விழுந்தது.

அப்புறம் தினமும் ஒரு நோயாளி, தோழியிடம் அந்த கேஸைச் சொல்வது, இரவில் அந்த நோயை மட்டும் படிப்பது. நான்கு தாளும் இப்படித்தான் பிடிபட்டன.

தூக்கமே வராமல் அழுகை தொடர்ந்தால் மட்டும் தள்ளிப்போடாதே. மனநல மருத்துவரைப் பார். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள்.