ஏழரைக்கு விடிகிற ஊர்

அன்புள்ள ஐயா,

என் மகள் கல்யாணமாகி மலேசியாவில், பினாங்கில் இருக்கிறாள். வேலையெல்லாம் ஓய்ந்து இரவு ஒன்பதரைக்குப் போன் செய்தால் அங்கே நடுராத்திரி என்கிறாள். சரி என்று போன வாரம் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து செய்தேன். அங்கே ஏழரை. “இப்பதாம்மா விடியுது” என்கிறாள். கிழக்கே இருக்கிற ஊர், நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் விடிய வேண்டாமா? தூங்குமூஞ்சித்தனத்துக்குச் சாக்கு சொல்கிறாளோ என்று சந்தேகம். அங்கே பொழுது எப்படித்தான் போகிறது?

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

மகள் பொய் சொல்லவில்லை. தை மாதத்தில் இங்கே பினாங்கில் ஏழரையை ஒட்டித்தான் சூரியன் தலைகாட்டும். பள்ளிப் பிள்ளைகள் இருட்டில் பேருந்துக்கு நிற்பார்கள்.

தஞ்சைக்கும் பினாங்குக்கும் இடையே தீர்க்கரேகைக் கணக்கு ஏறக்குறைய 21 பாகை. பாகைக்கு 4 நிமிடம் என்று வைத்தால் 1 மணி 25 நிமிடம் வரும். சூரியன் தருகிற வித்தியாசம் அவ்வளவுதான். மீதி ஒரு மணி நேரத்துச் சொச்சம் அரசாங்கம் தந்தது. இந்தியா 82.5 பாகையை வைத்து 1906இல் ஒரு பொது நேரத்தை ஏற்றது. தஞ்சாவூருக்கு அதில் கால் மணி நேரம்கூடப் பிசகு இல்லை. எங்கள் கதை வேறு. தீபகற்ப மலேசியா இங்கிலாந்தின் கிரீன்விச் நேரத்துக்கு ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. கடலுக்கு அப்பால் போர்னியோ தீவில் இருக்கிற எங்கள் மாநிலங்களான சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று 1982 புத்தாண்டில் அதை எட்டு மணி நேரமாக்கினார்கள். 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை ஆனதுமே பன்னிரண்டு என்று முள்ளைத் திருப்பினோம். அன்றுவரை இந்தியாவுக்கும் எங்களுக்கும் இரண்டே மணி நேரம்தான் வித்தியாசம். இப்போது பினாங்கில் உச்சி வெயில் பகல் பன்னிரண்டுக்கு இல்லை, ஒன்றேகால், ஒன்றரைக்கு.

இதைவிடப் பெரிய கூத்து ஜப்பான்காரன் காலத்தில் நடந்தது. மலாயா முழுக்கத் தோக்கியோ நேரம், கிரீன்விச்சுக்கு ஒன்பது மணி நேரம் முன்னால். என் பெரியம்மா 1943இல் பிறந்தவர். தாத்தாவின் நோட்டில் ‘காலை 7.15’ என்று இருக்கிறது. பாட்டியோ சாகும்வரை, “கும்மிருட்டு, சிம்னி விளக்குலதான் பிள்ளை முகத்தைப் பார்த்தேன்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டிக்கு நினைவு தப்பிவிட்டது என்று நாங்கள் எல்லாரும் சிரிப்போம். ஒரு சோதிடர் கல்யாணத்தின்போது இருந்த ஏழரை மணி நேரக் கணக்கிலேயே ஜாதகம் எழுதிக் கொடுத்துவிட்டார், அதை வைத்துத்தான் பொருத்தமும் பார்த்தார்கள். பெரியம்மாவுக்கு அறுபது வயது தாண்டிய பிறகு இன்னொருவர் வருடத்தைப் பார்த்ததும், “இது தோக்கியோ டைமாச்சே” என்றார். இன்றைய கணக்கில் ஆறேகால். இருட்டுதான். பாட்டி சொன்னது சரி. லக்னம் முந்தைய ராசிக்குப் போய்விட்டது. பெரியப்பா, “நாற்பது வருஷம் தப்பான பொம்பளையோட வாழ்ந்திருக்கேன்” என்றார்.

ராகு காலமும் அப்படித்தான். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்பது ஆறு மணிக்கு விடிகிற ஊருக்குப் போட்ட கணக்கு. ஏழேகாலுக்கு விடிகிற நாளில் எங்களுக்கு அது எட்டே முக்காலுக்குத் தொடங்க வேண்டும். ஆனால் தெரிந்தவர் ஒருவர், ராகு காலம் கழிந்தது என்று ஒன்பதேகாலுக்குக் கடை திறந்து தேங்காய் உடைத்தார், ராகுவின் நடுவீட்டில். கடை நன்றாகத்தான் ஓடுகிறது. எங்கள் முஸ்லிம் அண்டைவீட்டாருக்கு இந்தக் குழப்பமே இல்லை. தொழுகை சூரியனைப் பார்த்தது, அட்டவணையும் ஊருக்கு ஊர் தனியாக உண்டு. மக்ரிப் என்கிற அந்தித் தொழுகை இங்கே மாலை ஏழு மணி முதல் ஏழரை தாண்டியும் வரும், மாதத்தைப் பொறுத்து.

பொங்கலுக்குத்தான் எனக்கு வருத்தம். இங்கே அன்று தேசியப் பொது விடுமுறை கிடையாது. சூரியன் வருவதற்குள் பிள்ளைகள் பள்ளியிலும் பெரியவர்கள் வேலைக்குப் போகிற வழியிலும் இருப்பார்கள். அதனால் பல வீடுகளில் இருட்டிலேயே பால் பொங்கிவிடும், இல்லாவிட்டால் மாலையில். தைப்பூசத்துக்குப் பினாங்கில் விடுமுறை உண்டு. அன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற கூட்டத்துக்குக் கடிகாரமே தேவையில்லை.

உங்கள் மகளின் பொழுதுக்கு வருகிறேன். காலையில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி “பசியாறியாச்சா?” என்பதுதான். வேலை முடிந்து வெளியே வந்தாலும் வெளிச்சம் இருக்கும், அதனால் வீட்டுக்குப் போக யாருக்கும் அவசரம் இல்லை. விளக்கு வைப்பதே ஏழரைக்கு என்றால் சாப்பாடு எட்டரை, ஒன்பது. அப்புறமும் மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடையில், தே தாரிக் என்கிற ஆற்றிய பால் தேநீர் குடிக்கப் போகிறவர்கள் உண்டு. அங்கே பதினோரு மணிக்கும் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பார்த்தால் நீங்கள் திட்டுவீர்கள்.

ஆகவே உங்கள் இரவு ஒன்பதரையும் வேண்டாம், விடிகாலை ஐந்தும் வேண்டாம். மாலை ஏழு மணிக்குச் செய்யுங்கள். அவளுக்கு ஒன்பதரை, சாப்பிட்டுக் கை கழுவியிருப்பாள். ஏழு மணிக்கு உங்களுக்குச் சீரியல் இருக்குமோ?